நீடித்து உழைக்கும் கம்பிவடத் துணைக்குழு

சிட்லபாக்கத்துக்கும் அஸ்தினாபுரத்துக்கும் நடுவே, இரண்டு ஊரும் தம்முடையது என்று உரிமை கொண்டாடாத ஓர் இடத்தில் செம்பருத்தி நகர் விரிவு இருக்கிறது. அதன் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு சமுதாயக் கூடம், நூற்றிருபது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர்கள், அலுவல் உபயோகத்துக்கென்று ஒரு பழைய செல்போன் ஆகியவை சொந்தம். செல்போனில் இருக்கும் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோக ஒரு கறுப்பு ஒயரும் உண்டு. அந்த ஒயரும் ஜெயவேலுவின் வலது கட்டைவிரலும் சேர்ந்தால்தான் பாட்டு வரும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு குடியரசு தினத்தன்று, கொடி பாதிக் கம்பம் ஏறியிருந்தபோது பாட்டு நின்றுவிட்டது. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் ஜெயவேலு நின்றிருந்தார். வேறு குற்றம் எதுவும் அவர் செய்யவில்லை. ஒயரின் பின்னை லேசாகத் தொட்டார், பாட்டு வந்தது. கையை எடுத்தார், நின்றது. மறுபடி வைத்தார், வந்தது.

"அப்படியே இருங்க ஜெயவேலு," என்றார் சங்கச் செயலாளர் ராஜாராமன்.

ஜெயவேலு அப்படியே இருந்தார். மூன்று வருடங்களாக இருக்கிறார்.

ஒயரின் கழுத்து உள்ளே எங்கோ அறுந்திருந்தது. பின்னை இடப்பக்கமாக நாற்பது டிகிரி சாய்த்து, அடியில் கட்டைவிரலால் முட்டுக்கொடுத்தால் பாட்டு சுத்தமாக வரும். முப்பத்தைந்து டிகிரி என்றால் ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும். நாற்பத்தைந்து என்றால் பாடகருக்கு ஜன்னி வந்ததுபோல் இருக்கும். செல்லோடேப், ரப்பர் பேண்ட், துணி கிளிப் எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. எதற்கும் அந்த ஒயர் மசியவில்லை. ப்ளூடூத்தையும் ஒருமுறை முயன்றார்கள். காந்தி ஜெயந்திக் கூட்டத்தில் பஜனைப் பாட்டுக்கு நடுவே, கூட்டத்தில் இருந்த யாரோ ஒருவருக்கு அவர் மனைவி தன் மாமியாரைப் பற்றி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் நான்கு நிமிடம் ஒலிபரப்பானது. மாமியாரும் கூட்டத்தில் இருந்தார். அன்றோடு செம்பருத்தி நகர் விரிவில் ப்ளூடூத் தடை செய்யப்பட்டது.

ஆக, பொங்கல் விழா, சுதந்திர தினம், ஆண்டு விழா எதுவானாலும் மேடைக்குப் பின்னால், படுதாவுக்கு மறுபுறம், ஜெயவேலு குந்தியிருப்பார். சட்டைப்பையில் 'ஒலி ஒருங்கிணைப்பாளர்' என்று அட்டை குத்தியிருக்கும். படுதாவுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அதன் வழியாகத்தான் அவர் எல்லா விழாக்களையும் பார்த்தார். நகரில் பாதிப் பேரை அவருக்குக் காலை வைத்தே அடையாளம் தெரியும். அவர் மகள் சின்மயி மூன்று வருடமும் ஆண்டு விழாவில் ஆடினாள். முதல் வருடம் அவள் குதிகாலைப் பார்த்தார். இரண்டாம் வருடம் கொலுசு கழன்று விழுவதைப் பார்த்தார். மூன்றாம் வருடம் சாக்ஸ் போட்டுவிட்டார்கள்.

இந்த வருடம் ஆண்டு விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, நான்காம் வகுப்புப் புத்தகப் பையைக் கழற்றாமலே சின்மயி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, இந்த வாட்டி டெங்கு டான்ஸ். நான்தான் மெயின் கொசு."

"ரொம்ப நல்லதுடா."

"கடைசில புகை அடிப்பாங்க. நான் அரை நிமிஷம் துடிச்சிட்டுச் செத்துப்போவேன். என்ன மாதிரி யாருக்கும் சாக வரலன்னு மிஸ்ஸே சொன்னாங்க."

"அப்படியா."

"நீ பாப்பியா, இல்ல ஒயர் புடிப்பியா?"

ஜெயவேலு பல்லாவரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் எழுத்தர். எந்தக் கேள்விக்கும் விடை எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். இதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் மனைவி புஷ்பம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"காலைப் பாப்பாருடி. கொசுக்கு ஆறு காலு, இந்த வருஷம் நல்லாவே தெரியும்."

சின்மயி சிரிக்கவில்லை. அதுதான் ஜெயவேலுவை மறுநாள் மாலை மேற்குத் தாம்பரம் மார்க்கெட் சந்தில் இருந்த ஜலாலின் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஜலால் முப்பது வருடங்களாக ஒயர் விற்பவர். ஒயர் கேட்டு வருபவர்களின் முகத்தைப் பார்த்தே வீட்டில் எது அறுந்தது என்று சொல்லிவிடுவார்.

"போன்லேர்ந்து ஆம்ப்ளிஃபயருக்கா சார்? எத்தினி ஒயர் மாத்திகினே?"

"ஒண்ணுகூட மாத்தல. மூணு வருஷமா கையால புடிச்சிட்டிருக்கேன்."

ஜலால் அவர் கட்டைவிரலைப் பார்த்தார். ஒரு டப்பாவைத் திறந்தார்.

"ஒயரு நடுவுல அறாது சார். கழுத்தாண்டதான் அறும். கயட்டறப்ப பின்னப் புடிச்சி எவனும் இழுக்க மாட்டான், ஒயரப் புடிச்சி இழுப்பான். அப்பால வந்து டூப்ளிகேட்டு குட்த்துட்டேன்னு என்கிட்ட பேஜார் பண்ணுவான். இத்தப் பாரு. மேல துணி பின்னிகீது, முறுக்கிக்காது. பின்னு உலோகம். கழுத்துல ஸ்பிரிங்கு கீது பாத்தியா, இதான் உசுரு. ஒன்றர மீட்டரு. அதுக்கு மேல போனா எவன் கால்லனா மாட்டும். ரெண்டு பக்கமும் மேல் பின்னு, ஆம்பள பின்னு, குச்சி நீட்டிகினு கீது. உன் போனும் ஆம்ப்ளிஃபயரும் ரெண்டும் ஃபீமேலு, ஓட்டதான் கீது, அதுல மட்டும் கரீட்டா இருந்துக்கோ."

ஜெயவேலு வாங்கிக்கொண்டார். வாங்கிய ஐந்தாவது நிமிடத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து, சின்மயி சாவதை மூன்றாவது வரிசையிலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டார். தன்னை அறியாமல் கைதட்டியும்விட்டார். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

செயலாளர் ராஜாராமன் மத்திய அரசின் கொள்முதல் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் தன் கையெழுத்தால் ஒரு குண்டூசிகூட வாங்கப்பட்டதில்லை என்பது அவருடைய பெருமை. ஜெயவேலு நீட்டிய ஒயரை அவர் தொடவில்லை. மூக்குக்கண்ணாடியை மட்டும் அதன் அருகில் கொண்டுவந்தார்.

"என்ன இது?"

"ஒயர் சார். சங்கத்துக்கு என் அன்பளிப்பு."

"யார் கேட்டா?"

"யாரும் கேக்கல சார். பழசு கழுத்துல போயிடுச்சு. இத சொருகினா யாரும் புடிக்கவேண்டாம்."

"ஜெயவேலு, உக்காருங்க. அன்பளிப்புன்னு ஒருத்தர் ஒரு கடிகாரம் குடுத்தார். நம்பர விட அவர் பேரு பெருசா இருந்தது. மணி என்னன்னு கேட்டா எல்லாரும் அவர் பேரச் சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுலேர்ந்துதான் விதி பதினாலு ஆ. தனிநபர் பொருள் எதுவும் சங்கச் சொத்துக்குள்ள நுழையக்கூடாது. இது சொருகற பொருள் வேற."

"பேர் எதுவும் போடவேண்டாம் சார்."

"பேரே போடாம ஒருத்தர் குடுக்கறாருன்னா அது இன்னும் சந்தேகம் இல்லையா?" என்றார் ராஜாராமன், வருத்தமாக. "ஆனா உங்க உணர்வ நான் மதிக்கறேன். நல்ல ஒயர் வேணும்ங்கறது நியாயமான கோரிக்கை. அது நிறைவேறாம இருக்க என்னென்ன செய்யணுமோ, ஸாரி, நிறைவேற என்னென்ன செய்யணுமோ அதெல்லாம் செய்வோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செயற்குழு கூடியது. தலைவர் ஏசுபாதம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். தீர்மானத்தில் எழுதவேண்டிய சொல்லை யாராவது ஆங்கிலத்தில் சொன்னால் மட்டும் திறப்பார். தீர்மானப் புத்தகம் நல்ல தமிழில் இருக்கவேண்டும் என்பது அவர் ஒருவரே கேட்ட, சங்கம் அவருக்காக ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம்.

"டியூரபிள் ஆடியோ கேபிள் வாங்கறது சம்பந்தமா," என்று ராஜாராமன் ஆரம்பித்தார்.

தலைவர் கண்ணைத் திறந்தார். "நீடித்து உழைக்கும் ஒலி இணைப்புக் கம்பிவடம்."

"ஆமா, அது. அதுக்கு ஒரு துணைக்குழு. முதல் கேள்வி, நீடித்துன்னா எவ்வளவு நீடித்து?"

ஒருவர் ஐந்து வருடம் என்றார். இன்னொருவர் பத்து என்றார். ராஜாராமன் இரண்டையும் மறுத்தார். "இந்தத் துணைக்குழு எத்தனை வருஷம் நீடிக்குமோ அதைவிட ஒரு நாளாவது அதிகமா நீடிக்கணும். இல்லேன்னா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். முன்னாடி நான் இருந்த ஆபீஸ்ல ஒரு மின்விசிறிக் குழு பதினெட்டு வருஷம் நடந்தது. கடைசில மின்விசிறி வந்தப்போ எங்களுக்கு ஏசி வந்துடுச்சு. அதனால அவசரம் கூடாதுங்கறது என் அனுபவம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு, கட்டைவிரலின் உரிமையாளர் என்ற முறையில் சிறப்பு அழைப்பாளராக வந்திருந்த ஜெயவேலுவை எழுந்து பேசச் சொன்னார்கள்.

"கழுத்துல ஸ்பிரிங் இருக்கணும். ஒன்றரை மீட்டர் நீளம். ரெண்டு பக்கமும் மேல் பின்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் ஜெயவேலு.

ஸ்பிரிங்குக்கே கண்ணைத் திறந்துவிட்ட தலைவர், 'மேல்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்தார். "கம்பிவடத்தின் இரு முனைகளும் ஆணாக இருத்தல் வேண்டும்."

பெண்கள் பிரிவுத் தலைவி அபிதகுஜாம்பாள் வங்கி அதிகாரியாக இருந்தவர். எந்தத் தாளையும் இரண்டு முறை படிப்பவர். "இன்னொரு தடவ படிங்க," என்றார்.

தலைவர் படித்தார்.

"செயற்குழுவில பதினோரு பேர். அதுல பெண்கள் ரெண்டு பேர். பொறுத்துக்கிட்டோம். சுண்டல் கமிட்டில மட்டும் ஆறு பேரும் பெண்கள். அதையும் பொறுத்துக்கிட்டோம். ஒரு ஒயருக்கு இருக்கறதே ரெண்டு முனை. அதுலயும் ரெண்டும் ஆம்பளைங்களா?"

ஜெயவேலு பாதி எழுந்தார்.

"மேடம், அது அப்படி இல்ல மேடம். போனும் ஆம்ப்ளிஃபயரும் ஃபீமேல். அதனால அதுக்கு ஏத்த மாதிரி..."

"யாருக்கு ஏத்த மாதிரி?"

ஜெயவேலு முழுதாக உட்கார்ந்தார்.

ராஜாராமன் எழுந்தார். இப்படிப்பட்ட தருணங்களுக்காகவே அவர் ஒரு கதர் துண்டு வைத்திருந்தார். அதைத் தோளில் சரி செய்துகொண்டார். "அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. பெண்களுக்குச் சரிபாதி குடுக்கணும்ங்கறது இந்தச் சங்கத்தோட கொள்கை. செயற்குழுவில குடுக்கலாம்னு பார்த்தா பல நடைமுறைச் சிக்கல். யாராவது பதவி விலகணும். ஆனா ஒயர்ல குடுக்கறதுல எந்தச் சிக்கலும் இல்ல. இன்னிக்கே குடுத்துடலாம். தமிழ்நாட்டுலயே ஒயர்ல ஐம்பது சதவீதம் குடுத்த முதல் சங்கம் நாமதான்னு நெனைக்கறேன்."

பலத்த கைதட்டல். தலைவர் அடித்துத் திருத்தினார்: ஒரு முனை ஆண், மறுமுனை பெண். அபிதகுஜாம்பாள் கைதட்டவில்லை. "சுண்டல் கமிட்டி?" என்று கேட்டார். அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஜெயவேலுவின் ஒயர் வீண்போகவில்லை. சொருகத்தான் முடியாதே தவிர, சோதிக்கலாம் என்று துணைக்குழு முடிவு செய்தது. நீடித்து உழைக்கும் ஒயர் எப்படி இருக்கும் என்று முதலில் தெரியவேண்டும் அல்லவா.

முதல் வாரம் வளைப்புச் சோதனை. காலையில் பூங்காவில் நடக்கிறவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் நூறு முறை ஒயரை வளைக்கவேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் ஆர்வமாக வந்தார்கள். பத்தாயிரம் வளைப்பு முடிந்தபோது மூன்று பேருக்கு மணிக்கட்டு சுளுக்கியது, ஒயருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வாரம் வெள்ளச் சோதனை. மழைக்காலத்தில் நகர் எப்படி இருக்கும் என்பதை உத்தேசித்து, ஏரித் தண்ணீரை ஒரு வாளியில் கொண்டுவந்து ஏழு நாள் ஒயரை ஊறவைத்தார்கள். வாளியில் கொசு முட்டையிட்டது, ஒயர் நன்றாகவே இருந்தது. மூன்றாம் வாரம் இழுப்புச் சோதனை. முதல் குறுக்குத் தெருவும் நான்காம் குறுக்குத் தெருவும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தன. முதல் குறுக்குத் தெருவுக்குக் கோப்பை கிடைத்தது. தோற்றவர்கள் ஒயர் வழுக்கியது என்று எழுத்துமூலம் புகார் கொடுத்தார்கள். அதை விசாரிக்க ஒரு வாரம் போயிற்று.

ஜெயவேலு தினமும் காலண்டரைப் பார்த்தார். சின்மயி தினமும் சமுதாயக் கூடத்தில் செத்துப் பழகினாள். அவர் வீட்டுக்கு வருகிற நேரத்துக்குள் ஒத்திகை முடிந்து, செத்தவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள்.

"ஒருக்கா எனக்குச் செஞ்சு காட்டேன்டா," என்று கேட்டுப் பார்த்தார்.

"வூட்டுலலாம் செய்யமாட்டேன். மேடைலதான். புகை வேணும், ரெக்கை வேணும். நீ வந்து பாரு."

நான்காம் வார முடிவில் ராஜாராமன் அறிக்கை வாசித்தார். ஒயர் எல்லாச் சோதனைகளிலும் தேறியிருந்தது. ஜெயவேலு கும்பிடாத குறையாக அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"அப்ப சொருகிடலாமா சார்?"

"எதை?"

"இந்த ஒயரைத்தான்."

ராஜாராமன் அவர் தோளில் கை வைத்தார். "ஜெயவேலு, மீட்டர்னா எவ்வளவு நீளம்னு காட்ட ஒரு மூலக் கோல் பிரான்ஸ்ல பெட்டிக்குள்ள இருக்கு. அத எடுத்து யாராவது ஜாக்கெட் துணி அளப்பாங்களா? இது இனிமே சாதாரண ஒயர் இல்ல. இதுதான் அளவுகோல். வாங்கப்போற ஒயர இதோட ஒப்பிட்டுப் பாக்கணும். தவிரவும், இது ரெண்டு பக்கமும் ஆண். தீர்மானத்துக்கு விரோதம்."

ஒயர் வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு, அரக்கு முத்திரையிடப்பட்டு, இரட்டைப் பூட்டு பீரோவில் வைக்கப்பட்டது. ஒரு சாவி தலைவரிடம், இன்னொன்று செயலாளரிடம். ஜெயவேலுவிடம் கட்டைவிரல் இருந்தது.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது துணைக்குழு ஜலால் கடைக்குப் போனது. வழி காட்ட ஜெயவேலுவும் போனார். ராஜாராமன் தீர்மானத்தின் நகலை நீட்டினார். ஜலால் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பக்கம் மேலு, ஒரு பக்கம் ஃபீமேலா? இது எக்ஸ்டென்ஷன் சார். ஒயர நீட்டத்துக்கு. இத்த போன்ல சொருவ முடியாது. சாரு, நீ சொல்லலியா இவங்களாண்ட?"

ஜெயவேலு வானத்தைப் பார்த்தார்.

"நீங்க விற்பனையாளர்," என்றார் ராஜாராமன். "செயற்குழு ஏகமனதா எடுத்த முடிவுல விற்பனையாளர் கருத்து சொல்ல இடமில்ல. உழைக்குமா?"

"நல்லா உழைக்கும் சார். யூஸே பண்ணமாட்டீங்களே, அறுபது வருஷம்கூட வரும்."

"அதுதான் வேணும்," என்றார் ராஜாராமன். பில்லில் 'உழைக்கும்' என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

அவர்கள் ஆட்டோவில் ஏறியபிறகு, குடையை மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு ஜெயவேலு மட்டும் திரும்பி ஓடிவந்தார். முதலில் விற்ற மாதிரியே இரண்டு பக்கமும் ஆண் பின் உள்ள ஒயர் ஒன்றை ஜலால் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். "பாக்கெட்ல வச்சிக்கோ. கூட்டம் அசந்தப்போ நைசா சொருவிடு. யார் பாக்கப்போறா."

ஆண்டு விழா அன்று மாலை நான்கரை மணிக்கு, புஷ்பம் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் ஜெயவேலு கூடத்துக்கு வந்தார். பேண்ட் பையில் ஒயர் இருந்தது. வாசலில் ஒரு மேஜை போடப்பட்டிருந்தது. 'கம்பிவடப் பாதுகாப்புச் சாவடி' என்று எழுதியிருந்தது. புதிய ஒயரின் திறப்பு விழா என்பதால், வேறு எந்த ஒயரும் உள்ளே வந்து அதன் இடத்தைப் பிடித்துவிடக்கூடாது என்பதில் செயலாளர் கண்டிப்பாக இருந்தார். மேஜையில் இயர்போன்களும் சார்ஜர்களும் குவிந்து கிடந்தன. ஒரு பெரியவரின் காது கேட்கும் கருவியைக்கூட, அதில் ஒயர் தொங்கியதால், கழற்றி வாங்கியிருந்தார்கள். அன்றைய உரைகள் எல்லாவற்றையும் கடைசிவரை முகமலர்ச்சியோடு கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஜெயவேலுவின் பையைத் தடவிப் பார்த்து ஒயரை எடுத்தார்கள். பதினேழாம் எண் டோக்கன் கொடுத்தார்கள்.

போகட்டும், புது ஒயர் வேலை செய்தாலும் செய்யலாம், அதிசயங்கள் நடப்பதுண்டு என்று நினைத்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில் புஷ்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நாற்காலிகளில் சாய்ந்தால் இவ்வளவு சுகமாக இருக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மேடையில் பழைய கறுப்பு ஒயருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதன் சேவையைப் பற்றி ராஜாராமன் பதினொரு நிமிடம் பேசினார். கட்டைவிரலைப் பற்றிப் பேச்சே வரவில்லை. பிறகு தலைவர் ஏசுபாதம் புது ஒயருக்குக் கட்டியிருந்த ரிப்பனை வெட்டினார். ஆண் முனை ஆம்ப்ளிஃபயருக்குள் சுலபமாகப் போயிற்று. கைதட்டல். ராஜாராமன் பெண் முனையை எடுத்து, சங்கத்தின் செல்போனோடு சேர்த்து வைத்தார். ஓட்டையும் ஓட்டையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. கொஞ்சம் அழுத்தினார். திருப்பி வைத்து அழுத்தினார். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடியே, ஏதோ தானாக நடக்கும் என்பதுபோல், சபையைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

படுதாவுக்குப் பக்கத்தில் ஆறு கொசுக்கள் காத்திருந்தன.

"சேரலையா?" என்று முன்வரிசையிலிருந்து அபிதகுஜாம்பாள் கேட்டார்.

"ரெண்டுக்கும் கொஞ்சம் பழகணும்மா," என்றார் ராஜாராமன். அப்புறம் மைக்கைக் கையில் எடுத்தார். "ஒலி ஒருங்கிணைப்பாளர் ஜெயவேலு எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்குப் பின்னால் வரவும்."

நூற்றிருபது தலைகள் திரும்பின. ஜெயவேலு புஷ்பத்தைப் பார்த்தார். எழுந்தார். அவள் அவர் நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அவர் போய், ஆம்ப்ளிஃபயரையும் போனையும் படுதாவுக்குப் பின்னால் இழுத்தார். புது ஒயரைக் கழற்றி, பொன்னாடையைப் பிரித்துப் பழைய ஒயரை எடுத்து, இரண்டிலும் சொருகி, குந்தி உட்கார்ந்து, இடப்பக்கமாக நாற்பது டிகிரி சாய்த்தார். பாட்டு வந்தது.

நான்கு விரல் இடைவெளியில் பன்னிரண்டு கால்கள் ஓடின. சின்மயியின் கால்கள் எவை என்று அவருக்குத் தெரியும். அவை வந்து நடுவில் நின்றன, எவ்வின, சுழன்றன. சபை சிரித்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மறுபடி சிரித்தது. அவள் முகத்தில் ஏதோ செய்கிறாள் போலிருக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் புகை வரும் சத்தம் பாட்டில் ஆரம்பித்தது. படுதாவுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ பரவியது. சின்மயியின் இடது கால் தடுமாறியது.

ஜெயவேலு ஒயரைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலைப் பார்த்தார். அது அவருடையதுதான்.

எடுத்துவிட்டார்.

பாட்டு நின்றது. அவர் எழுந்து, படுதாவைச் சுற்றிக்கொண்டு, மேடைப் படியில் இறங்கி, மூன்றாவது வரிசைக்குப் போய்ப் புஷ்பத்தின் கைப்பையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஒயர் பிடிக்கிறவர் முன்பக்கம் வருவார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையே, முன்வரிசையில் கண்ணை மூடியிருந்த தலைவர் ஏசுபாதத்தை அந்தத் திடீர் நிசப்தம் எழுப்பிவிட்டது. கண்ணைத் திறந்தார். கூடம் முழுக்க அமைதி. மேடையில் கறுப்பு உடையில் ஒரு குழந்தை தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. இப்படி ஓர் அமைதி விழாவில் எப்போது வரும் என்பது அவருக்குப் பல வருடப் பழக்கம். யார் போனது என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று மரியாதையாக எழுந்து நின்றார்.

தலைவர் நிற்கும்போது செயலாளர் உட்கார்ந்திருக்க முடியாது. ராஜாராமன் நின்றார். அபிதகுஜாம்பாள் காரணம் தெரியாமலே நின்றார். முதல் வரிசை நின்றதும் இரண்டாவது வரிசை நின்றது. கடைசி வரிசைவரைக்கும் நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்தார்கள். செம்பருத்தி நகர் விரிவு முழுவதும் ஒரு கொசுவுக்கு மௌன அஞ்சலி செலுத்தியது.

ஜெயவேலுவின் கண்முன்னே இப்போது முதுகுகள்தான் இருந்தன. அவர் நாற்காலியின் மேல் ஏறினார்.

புகைக்கு நடுவே சின்மயி தெரிந்தாள். அட்டையில் வெட்டிய இறக்கை ஒன்று மடங்கித் தொங்கியது. பாட்டு இல்லாததால் அவள் ஒரு கணம் விழித்து நின்றிருந்தாள். பிறகு குனிந்த தலைகளுக்கு மேலே ஒரே ஒரு தலை நிமிர்ந்திருப்பதைப் பார்த்தாள். அது யாருடையது என்று அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மேடையிலிருந்து அவரை அவள் பார்த்ததே இல்லை.

பார்த்ததும் சாக ஆரம்பித்தாள். முதலில் வலது காலை இழுத்தாள். சுற்றினாள். விழுந்தாள். விழுந்தவள் எழுந்து யாரையோ கடிக்கப் போனாள், முடியாமல் திரும்பினாள். மற்ற ஐந்து கொசுக்களும் எப்போதோ செத்து, தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. கை நடுங்கியது, விரல் நடுங்கியது, மூக்கில் ஒட்டியிருந்த பேப்பர் குழல் நடுங்கியது. அரை நிமிடத்தில் சாக வேண்டியவள் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறாரா என்று சரிபார்த்துவிட்டு, அதையும் மூடினாள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக இரண்டு நிமிடம். உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அஞ்சலிக்குப் பிறகு கைதட்டும் வழக்கம் கிடையாது என்பதால் யாரும் தட்டவில்லை. நாற்காலி மேல் நின்றபடி ஜெயவேலு ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"எறங்குங்க, நாற்காலி ஒடஞ்சிடும்," என்றாள் புஷ்பம். ஆனால் அவர் இறங்கிவிடாமல் இருக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

மறு வாரம் செயற்குழு கூடியது. புதிய கம்பிவடத்தில் எந்தக் குறையும் இல்லை என்றும், சங்கத்தின் கைப்பேசி பெண்ணாக இருப்பதே கோளாறுக்குக் காரணம் என்றும் ராஜாராமன் விளக்கினார். ஆண் கைப்பேசித் தேர்வுத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்கச் சொல்லி அபிதகுஜாம்பாளைக் கேட்டார்கள். அவர் சுண்டல் கமிட்டியிலிருந்து ஆறு பேரும் விலகிய கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜெயவேலுவுக்கு மூன்று பிரதிகளில் விளக்கம் கேட்டுப் படிவம் வந்தது. அதைப் பெற்றுக்கொண்ட நாள், நேரம், அப்போது வானிலை எல்லாம் நிரப்பவேண்டியிருந்தது. ஏழாவது கேள்வி இது: 'சங்கத்தின் உபயோகத்தில் இருந்த கட்டைவிரலைத் தாங்கள் முன்னனுமதியின்றி அகற்றிய நேரம் முதல் நிகழ்ச்சி முடியும்வரை தாங்கள் ஆற்றிய பணி யாது? விரிவாக எழுதுக.'

கீழே இருபது வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். ஜெயவேலு பேனாவை எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு முதல் வரியில் 'பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதி, மீதிப் பத்தொன்பது வரியையும் அப்படியே விட்டுவிட்டார்.